ஆறு பார்க்காத பாட்டுக்காரர்

என் அக்காவின் கணவருக்குத் தண்ணீர் என்றால் பயம். புதுக்கோட்டையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த குளத்தில் முதல் படியில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வார். அடுத்த படியில் கால் வைக்க மாட்டார். ஆனால் அவர் கட்டிய பாட்டு எதை எடுத்தாலும் அதில் ஓர் ஆறு ஓடும். ஆற்றங்கரையில் ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டை விட்டு வந்தவர் யாராவது அழுதுகொண்டிருப்பார்.

நாடகக் கம்பெனிகளுக்குப் பாட்டுக் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். சமஸ்தான காலம் அது. கொட்டகையில் நாடகம் இல்லாத மாதங்களில் கல்யாணத்துக்கும் கட்டுவார், சாவுக்கும் கட்டுவார். ஊர் அவரைப் பாட்டுக்காரர் என்றது. நான் மச்சான் என்று கூப்பிட்டேன். அவர் பெயரை எழுத எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை.

அவர் பிறந்தது கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு வறண்ட ஊரில். ஏரி நிரம்பினால் நெல்லுச்சோறு, நிரம்பாவிட்டால் கேழ்வரகுக் கூழ். புதுக்கோட்டைச் சீமையில் வெள்ளாறு என்று ஒன்று உண்டு. அதில் பாதி வருஷம் மணல்தான் ஓடும். இப்படிப்பட்ட இடத்தில் பிறந்தவருக்கு அத்தனை ஆறு எங்கிருந்து வந்தது என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். எங்களுக்குத் தெரியும். எல்லாம் பிறரிடமிருந்து எடுத்தது.

புது ஆள் ஒருவரைக் கண்டால் போதும், பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். "ஒங்களுக்கு எந்த ஊருங்க?" என்று தொடங்குவார். "ஊர்ல ஆறு இருக்குங்களா? கரையில என்ன மரம் நிக்கிது? அந்தி சாஞ்சா ஒங்களை யாரு வந்து கூப்பிடுவாங்க?" கேட்கும்போது அவர் முகம் அவ்வளவு கனிந்திருக்கும். யாருமே தன்னிடம் கேட்காததைக் கேட்கிறாரே என்று எதிராளி உருகிப்போவான். சொல்லச் சொல்ல அவன் குரல் கம்மும். அப்போது மச்சான் என் பக்கம் லேசாகத் திரும்பி, "ஊறுது மாப்ளே" என்பார், கிணறு வெட்டுகிறவன் ஈர மண்ணைக் கண்டதுபோல.

எதையும் எழுதி வைத்துக்கொள்ள மாட்டார். பித்தளைத் தம்ளரில் விரலால் தட்டிக்கொண்டே மனதுக்குள் கட்டுவார். சில நாளில் அந்த மரமும் அந்த அந்தியும் கூப்பிட்ட குரலும் பாட்டாகிவிடும். அதைச் சொன்ன ஆளையே எதிரில் உட்கார வைத்துப் பாடுவார். பாடும்போது அவர் கண் அந்த ஆளின் முகத்தைவிட்டு நகராது.

கம்பெனிச் சமையல்காரர் ஒருவர் தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தவர். அண்ணன் தம்பிகளோடு பகையாகி ஊரைவிட்டு ஓடி வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவருடைய படித்துறையையும் மருதமரத்தையும் மச்சான் பாட்டாக்கி ராஜபார்ட் நடிகருக்குக் கொடுத்தார். ஒத்திகையில் அதைக் கேட்ட சமையல்காரர் மறுநாள் விடியுமுன்னே ஊருக்குக் கிளம்பிவிட்டார். கம்பெனியே அன்றைக்குப் பட்டினி. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சகோதரர்கள் வாசலிலேயே மடக்கி அடித்திருக்கிறார்கள். மச்சான் அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "ஆத்துல இப்ப தண்ணி போகுதுங்களா?" என்று கேட்டார்.

கெட்ட மனிதர் என்று அவரை ஒரு வார்த்தையில் முடித்துவிடவும் எனக்கு வாய் வருவதில்லை. எனக்கு அம்மை போட்டிருந்தபோது தெருவே ஒதுங்கிப் போயிற்று. மச்சான் ஒதுங்கவில்லை. வேப்பிலையால் விசிறிக்கொண்டு பகல் முழுவதும் பாயோரம் இருந்தார். உதட்டில் இளநீர் நனைத்தார். பெற்றவள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்றே நினைத்தேன். தலைக்குத் தண்ணீர் விட்டு எழுந்த பிறகு ஒரு நாள் கொட்டகைப் பக்கம் போனேன். மேடையில் பெண் வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் பாடிக்கொண்டிருந்த பாட்டில், சின்ன வயதில் என் கையைவிட்டு ஆற்றோடு போன ஒரு கன்றுக்குட்டி வந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. காய்ச்சலில் பிதற்றியிருக்கிறேன்.

நானும் அக்காவும் பிறந்த ஊர் குளித்தலைக்குக் கிழக்கே, காவிரிக் கரையில். அப்பா இறந்த பிறகு அம்மாவும் அக்காவும் நானும்தான். பெண் பார்க்க வந்த மச்சான் ஆற்றுப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை; அக்காவைப் பாடவும் சொல்லவில்லை. "ஒனக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். அக்காவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்பியதை, புது வெள்ளத்தில் வந்த தேங்காயைப் பிடித்ததை, தாழம்புதரில் பாம்பைக் கண்டு அலறியதை எல்லாம் வெட்கத்தை மறந்து கொட்டினாள். அவர் வாய் திறந்தபடி கேட்டார். பெண்பிள்ளையைப் பேசவிட்டுக் கேட்கிற மாப்பிள்ளை என்று அம்மாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. எனக்குத் தையல் தெரியும் என்றதும், கம்பெனிக்கு உடுப்புத் தைக்க என்னையும் புதுக்கோட்டைக்கு அழைத்துக்கொண்டார்.

முதல் இரண்டு வருஷம் அக்கா சந்தோஷமாகத்தான் இருந்தாள். மாலையில் அவள் ஊர்க்கதை சொல்வாள், அவர் தம்ளரில் தட்டிக்கொண்டிருப்பார். "நான் பேசுறதைக் கேக்குறதுக்குன்னு ஒரு ஆளு கெடைச்சிருக்குடா" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போய்வர வேண்டும் என்றாள். அடுத்த ஆடிக்குப் போகலாம் என்றார். அடுத்த ஆடியிலும் அதையே சொன்னார். நான் அவரைத் தனியாகக் கேட்டேன்.

"ஏன் மச்சான், ரயில் ஏறினா அரைநாள். ஒரு தடவை கூட்டிட்டுப் போய்ட்டு வாரேனே?"

அவர் ஒளிக்கவில்லை. "அவ போய் ஆத்தைப் பாத்துட்டா ஏக்கம் தீந்துரும் மாப்ளே. தீந்துட்டா நான் எங்கிட்டுப் போய் மொள்றது?" என்று சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விளையாட்டில்லை என்பது அம்மா படுத்தபோது தெரிந்தது. அக்காவுக்கு அப்போது கையில் பெண் குழந்தை. ஊரிலிருந்து பங்காளி ஒருவர் வந்து வாசலில் நின்றார். "ஆத்தாவுக்கு இழுத்துக்கிட்டு இருக்குப்பா. மகளைக் காட்டுங்கன்னு கேட்டுக்கிட்டே கெடக்கு" என்றார். அக்கா அலறிக்கொண்டு மாற்றுச்சேலையைச் சுருட்டினாள். மச்சான் எழுந்து தூளியிலிருந்து குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ கெளம்பு மாப்ளே. மகன் நீதான போகணும். அவ வரலை."

"என்ன மச்சான் இது? பெத்த தாயி."

"போறதுன்னா போகட்டும், நான் கையைப் பிடிச்சா வச்சிருக்கேன்? பிள்ளை இங்க இருக்கும். போனவ மறுபடி இந்த வாசப்படி ஏறக் கூடாது."

குழந்தை பாலுக்கு அழுதது. அக்கா சுருட்டிய சேலையோடு நடுவீட்டில் நின்றாள். பிறகு என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். வந்த பங்காளி, ரயிலுக்கு நேரமாகிறது என்றார். அவள் விரலை ஒவ்வொன்றாக நானேதான் பிரித்துவிட்டுப் போனேன்.

அம்மா என்னைக் கண்டதும் பின்னால் பார்த்தாள். "அவ எங்கடா?" என்றாள். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். வாசலைப் பார்த்தபடியே மறுநாள் மதியம் அம்மா போய்ச் சேர்ந்தாள். காரியம் முடித்துத் தலை மழித்துத் திரும்பினேன். தெருமுனையிலேயே ஆர்மோனியச் சத்தம் கேட்டது. வீட்டுக்குள் மச்சானும் பின்பாட்டுக்காரரும் உட்கார்ந்து ஒரு மெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

*அக்கரையில் நிக்கிறியே ஆத்தா – நான்*
*இக்கரையில் காயிறேனே ஆத்தா*
*ஓடம்விட ஆளுமில்லே – என்*
*ஓலம் கேக்க ஆறுமில்லே*

அக்கா அடுக்களை நிலையில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலை வாரி எத்தனையோ நாளாகியிருந்தது. அவர்கள் எழுந்து போன பிறகு என்னிடம் சொன்னாள்.

"அந்த வார்த்தை எல்லாம் நான் அழுததுடா. அழுதப்ப பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. தலையைத் தடவிக் குடுத்தாரு. 'மனசுல வச்சுக்காத, இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு'ன்னாரு. ஆறுதலுக்குச் சொல்றாருன்னுல்ல நெனச்சேன்."

அந்தப் பாட்டுக்கு வந்த பேர் அவருடைய வேறெந்தப் பாட்டுக்கும் வரவில்லை. கொட்டகையில் முதல் தடவை பாடிய அன்று அக்காவுக்குப் புதுச் சேலை எடுத்துக் கொடுத்து அழைத்துப்போனார். பெண்கள் பகுதியில் முன்வரிசையில் உட்கார வைத்தார். தாயை இழந்த மகளாக ஸ்திரீபார்ட் மேடையில் மண்டியிட்டு, "ஓலம் கேக்க ஆறுமில்லே" என்று இழுத்தபோது பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஆண்கள் பக்கம் ஒன்ஸ்மோர் கேட்டார்கள். மறுபடி பாடினார்கள். நான் உடுப்புப் பெட்டியோடு பக்கத் திரைக்குப் பின்னால் நின்றேன். மச்சானும் அங்கேதான் நின்றார். அவர் மேடையைப் பார்க்கவில்லை. திரை இடுக்கு வழியாக அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அழவில்லை. மடியில் தூங்கிய குழந்தையின் தலையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி நடக்கையில் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

அதன்பிறகு அவள் ஆற்றைப் பற்றிப் பேசவே இல்லை. சோறு போட்டாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஊரைப் பற்றிக் கேட்டால் மட்டும், "ஞாபகமில்லைங்க" என்பாள். அவர் கெஞ்சிப் பார்த்தார். பட்சணம் வாங்கி வந்து வைத்தார். பிறகு வேறு வழிக்குப் போனார். அம்மா கடைசியில் என்ன கேட்டாள் என்று நான் அவரிடம் சொல்லியிருந்தேன். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதை எடுத்தார். "ஒங்க ஆத்தா வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சாமே. 'அவ எங்கடா'ன்னுச்சாமே." அக்கா குழம்பு ஊற்றுவாள். "கண்ணைக்கூட மூடலையாமே." மோர் ஊற்றுவாள். ஒரு நாள் நான் இலையைவிட்டு எழுந்து, "போதும் மச்சான்" என்று கத்தினேன். "நீ சாப்புடு மாப்ளே, ஒன்னைய யாரு கேட்டா" என்றார் சாந்தமாக.

குழந்தைக்குப் பேச்சு வந்ததும் அதையும் விடவில்லை. சொல்லிக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பார். "அம்மா, ஒங்க ஊரு ஆத்துல மீனு இருக்குமா?" என்று அது மழலையில் கேட்கும். அக்கா கதவை ஒரு முறை பார்ப்பாள். "எங்க ஊர்ல ஆறே கெடையாது கண்ணு" என்பாள்.

பாட்டுக்காரர் பழைய பாட்டையே தேய்க்கிறார் என்று கம்பெனிகளில் பேச்சு வந்தது. அப்படியே மூன்று வருஷம் ஓடியது. அந்த நேரத்தில்தான் குளித்தலைப் பக்கத்து மிராசுதார் ஒருவர் ஆள் அனுப்பினார். ஒரே மகளுக்குக் கல்யாணம். அக்கரைப் பாட்டைக் கட்டியவர் வந்து நலுங்கில் பாட வேண்டும். எங்கள் ஆறும் எங்கள் துறையும் பாட்டில் வர வேண்டும் என்றார்களாம். அது எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்.

அன்று மாலை நான் தையல்கடையிலிருந்து வந்தபோது மச்சான் முகம் பழைய முகமாகியிருந்தது. "ஊறிருச்சு மாப்ளே! வாயத் தொறந்துட்டா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். என்ன சொன்னாள் என்று கேட்டேன். பந்தலில் பாடுவதற்கு முன்னால் பாட்டு வெளியே வரக் கூடாது என்றுவிட்டார். அவர்கள் பேசியதை அக்கா பிற்பாடுதான் என்னிடம் சொன்னாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அங்கிட்டுப் பொண்ணுங்களை எந்தத் துறைக்குக் கூட்டிட்டுப் போவாங்க?"

"கீழத்துறைக்குங்க."

"எப்படிப் போவாங்க?"

"மஞ்சத் தேச்சுக் குளிப்பாட்டி, மாலை போட்டு, மேளத்தோட போவாங்க. ஊரே கூடப் போகும்."

"அங்க என்ன இருக்கும்?"

"நல்ல மணலுங்க. ஒரு வேப்பமரம்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

ஆவணி மாதம். ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணத்தன்று பிற்பகல் நலுங்குக்குப் பாய் விரித்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்டினார்கள். சிரிப்பும் கேலியுமாகப் பந்தல் நிறைந்திருந்தது. மச்சானுக்குப் பட்டுத்துண்டு போர்த்தினார்கள். அவர் ஆர்மோனியத் துருத்தியை அசைத்து, மணப்பெண்ணைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டு பாடினார்.

*மஞ்சக் குளிச்சு வாடி – கண்ணே*
*மாலை சுமந்து வாடி*
*ஊரும் உறவும் கூடவரக்*
*கீழத்துறைக்கு வாடி*

துணைக்குப் போயிருந்த நான் பாயிலிருந்து எழுந்துவிட்டேன். அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கீழத்துறை என்பது சுடுகாட்டுத் துறை. சுமங்கலி இறந்தால் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டி, மாலை போட்டு, மேளத்தோடு கொண்டு போவது அங்கேதான்.

முதலில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு சத்தமே இல்லை. மச்சான் சபை சொக்கிவிட்டது என்று நினைத்து இரண்டாம் தடவை இன்னும் உருக்கமாக எடுத்தார். மணப்பெண்ணின் தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறினாள். பெண் மாலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் மடியில் விழுந்தாள். நான்கைந்து பேர் பாய்ந்து மச்சானின் குடுமியைப் பிடித்தார்கள்.

"எங்க வீட்டுப் பொண்ணைக் கீழத்துறைக்குக் கூப்பிடுறியாடா?"

"ஆத்தங்கரைதானுங்களே... நல்ல துறைன்னு..."

"தெரியாதா ஒனக்கு? வா, காட்டுறோம்."

மிராசுதார் காலில் விழுந்தேன். வறண்ட சீமைக்காரர், அறியாமல் பாடிவிட்டார், ஆற்றையே பார்த்ததில்லை என்று கதறினேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். கரை நெடுக மச்சானை இழுத்துப் போனார்கள். ஆர்மோனியத்தை முதலில் எறிந்தார்கள். தண்ணீரைக் கண்டதும் மச்சான் குழந்தை மாதிரி கத்தினார். கழுத்தைப் பிடித்து முக்கினார்கள். தூக்கி, மூச்சு வாங்கவிட்டு, மறுபடி முக்கினார்கள். கடைசியில் கரிக்கட்டைகளுக்கும் உடைந்த கலயங்களுக்கும் நடுவே போட்டுவிட்டுப் போனார்கள். பட்டுத்துண்டை ஒருவன் எடுத்துக்கொண்டான்.

திருச்சி ஜங்ஷனில் புதுக்கோட்டை வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"கீழத்துறைன்னா என்ன மாப்ளே?"

சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது, துடைத்துக்கொண்டு சிரித்தார். "என்னைவிட நல்லாக் கட்டியிருக்காடா" என்றார். ரசித்துத்தான் சொன்னார்.

வீட்டுக்குள் நுழைந்தவரை அக்கா மேலும் கீழும் பார்த்தாள். வெந்நீர் வைத்தாள். காயத்துக்கு மஞ்சள் அரைத்துப் பூசினாள். பூசிக்கொண்டே, "தண்ணி எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டாள்.

சில நாள் கழித்து அவர், "இனிமே ஊருக்குப் போறதுன்னா போ" என்றார்.

"அங்க யாரு இருக்கா?" என்றாள்.

அவர் வாயில் அபசகுனம் என்ற பேச்சு பரவிவிட்டது. கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடவில்லை, கம்பெனிகளும் ஒதுங்கின. யுத்த காலத்தில் சந்தையில் பல்பொடி விற்கிறவனுக்கு இரண்டு வரி, மூட்டைப்பூச்சி மருந்துக்காரனுக்கு இரண்டு வரி என்று கட்டிக்கொண்டிருந்தார். பிறகு நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டார். அக்கா ஒரு குறையும் வைக்கவில்லை. வேளைக்குக் கஞ்சி, வேளைக்குக் கஷாயம். தெருவே அவளைப் புகழ்ந்தது.

கடைசி வாரத்தில் ஒரு நாள் நான் பக்கத்தில் இருந்தேன். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவை சொல்லு. ஒங்க படித்துறையில என்ன மரம் நின்னுச்சு? நான் பாட்டாக் கட்ட மாட்டேன். சும்மா கேக்குறேன்" என்றார். கண்ணில் நீர் வழிந்தது. அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு முறைதான்.

அக்கா கரண்டியைத் தூக்கிப் பிடித்தாள். "வாயத் தொறங்க. கஞ்சி ஆறுது" என்றாள்.

யுத்தம் முடிந்த வருஷம் இறந்தார். சாவுக்கு நான் நினைக்காத கூட்டம் வந்தது. நாடகக்காரிகள் வந்தார்கள். விராலிமலைப் பக்கத்திலிருந்து பெண்கள் கட்டுச்சோற்றோடு வந்திறங்கினார்கள். வாழ்க்கைப்பட்டு வந்த ஊரில் தாயை நினைத்து அழுத பெண்களுக்கெல்லாம் அந்த அக்கரைப் பாட்டு சொந்தமாகியிருந்தது. கட்டியது யார் என்று தெரிந்தவர்கள் சிலர்தான். தெரிந்ததும் மற்றவர்களும் கிளம்பி வந்துவிட்டார்கள். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து அதையே பாடி அழுதார்கள். அவரை நினைத்து யாரும் அழவில்லை. அவரவர் ஊரை நினைத்து அழுதார்கள்.

அக்கா மகளை மடியில் சாய்த்துக்கொண்டு சுவரோரம் இருந்தாள். வயதான ஒரு பெண் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"புருசன் கட்டுன பாட்டு. நீ எடு தாயி, நாங்க பின்னாடி வாரோம்."

"எனக்கு அந்தப் பாட்டுத் தெரியாதுங்க" என்றாள் அக்கா.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று அந்தக் கிழவிக்குத் தோன்றியிருக்க வேண்டும். அருகில் நெருங்கி உட்கார்ந்து அக்காவின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "அழுகாத. நான் சொல்லித் தாரேன், எம் பின்னாலயே சொல்லு" என்று முதல் அடியை மெதுவாகச் சொன்னாள்.

அக்கா அதைத் திருப்பிச் சொன்னாள். புதிதாகக் கேட்கிறவள்போல, ஒவ்வொரு வார்த்தையாக. இரண்டாம் அடியும் அப்படியே. மூன்றாம் அடியோடு கிழவி நிறுத்திவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

அக்கா காத்திருந்தாள். கிழவி முகத்தை எடுக்கவில்லை.

"அப்பறம்?" என்று கேட்டாள் அக்கா.